கால் எட்டாத வண்டி: குறை யாருடையது?

கேரளத்தில் இருசக்கர வண்டி ஓட்டும் உரிமம் பெற விரும்புபவர் முதலில் எட்டுப் போட்டுக் காட்ட வேண்டும். கம்பிகள் நட்டு வழி குறித்த திடலில், 8 என்ற எண்ணின் வடிவில் வண்டியைச் செலுத்தி வெளியே வர வேண்டும். கம்பியில் இடிக்கக்கூடாது, கால் தரையில் படவும் கூடாது. பட்டால் தோல்வி. உரிமம் பெற்ற மறுநாள் அதே மனிதர் களியக்காவிளை நெரிசலில் பேருந்துக்குப் பின்னால் வண்டியை நிறுத்துகிறார். அங்கே விதி தலைகீழாகிறது. இப்போது கால் தரையில் பட வேண்டும். படாவிட்டால் வண்டியோடு சாய வேண்டியதுதான். திடலில் யாரும் கேட்காத கேள்வியைச் சாலை முதல் நாளிலேயே கேட்டுவிடுகிறது: இந்த வண்டியில் அமர்ந்தால் உமது கால் தரையைத் தொடுமா?

உயரம் குறைந்தவர்கள் மோட்டார் சைக்கிள் தேடும் கதை பெரும்பாலும் வேடிக்கையாகவே பேசப்படுகிறது. கடையில் வண்டிமேல் ஏறி நுனிவிரலில் தடுமாறும் இளைஞனைப் பார்த்து நண்பர்கள் சிரிக்கிறார்கள். பெண்ணாக இருந்தால் சிரிப்புக்குக்கூட வேலையில்லை. விற்பனையாளரே அவரை ஸ்கூட்டர்கள் நிற்கும் பக்கம் அழைத்துச் சென்றுவிடுகிறார். இரண்டு சந்தர்ப்பத்திலும் குறை வாங்க வந்தவரின் உடலில் இருப்பதாகவே கொள்ளப்படுகிறது. வண்டியின் உயரத்தை யாரோ ஒருவர் ஓர் அலுவலகத்தில் அமர்ந்து முடிவு செய்தார் என்பது எவர் நினைவுக்கும் வருவதில்லை. அந்த முடிவை விசாரணைக்கு உட்படுத்த வேண்டும் என்பதே இங்கு முன்வைக்கப்படும் வாதம். அதற்குப் பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்கள் பொருத்தமான களம்.

1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு உள்ளிட்ட நான்கு தென்திருவிதாங்கூர் வட்டங்கள் தமிழகத்தோடு இணைந்தபோது நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. அன்று முதல் இஞ்சிவிளைக்கும் களியக்காவிளைக்கும் இடையே மாநிலம் மாறுகிறது. வண்டிகளின் எண் பலகையும் மாறுகிறது. பாறசாலை வண்டிக்குக் கே.எல். 19, நெய்யாற்றின்கரை வண்டிக்குக் கே.எல். 20, எல்லை தாண்டினால் மார்த்தாண்டத்தின் டி.என். 75. நிலத்தின் அமைப்பு மட்டும் மாறவில்லை. செம்மண்ணும் வெட்டுக்கல்லும் நிறைந்த மேடுகள். அவற்றுக்கிடையே ஏலா என்று அழைக்கப்படும் வயற்பள்ளங்கள். மேட்டையும் பள்ளத்தையும் இணைக்கும் ஒடுங்கிய சாலைகள். இருபுறமும் மதில் எழுந்த இச்சாலைகளில் எதிரே ஒரு ஜீப் வந்தால் இருசக்கர வண்டிதான் ஓரம் ஒதுங்கி நிற்க வேண்டும். அது பெரும்பாலும் ஏற்றத்தின் நடுவிலேயே நேர்கிறது.

இந்த நிறுத்தத்தைச் சற்றுக் கூர்ந்து நோக்கினால் சிக்கல் முழுவதும் விளங்கும். ஏற்றத்தில் நின்ற மோட்டார் சைக்கிள் பின்னோக்கி உருளாமல் இருக்கப் பின்சக்கர பிரேக்கை மிதிக்க வேண்டும். அந்த மிதி வலது காலுக்கு உரியது. வலது கையில் முன்பிரேக் உண்டு. ஆனால் வண்டியை மீண்டும் கிளப்பும்போது அதே கை ஆக்சிலரேட்டரையும் திருக வேண்டும். இடது கை கிளட்சைப் பிடித்திருக்கிறது. எஞ்சுவது இடது கால் ஒன்றே. வண்டியின் எடையும் ஓட்டுபவரின் எடையும் அந்த ஒற்றைக் காலை நம்பி நிற்கின்றன. இந்தியச் சாலையில் வண்டி இடப்பக்கம் ஒதுங்குகிறது. மழைநீர் வடிவதற்காகச் சாலை நடுவில் உயர்ந்து ஓரத்தில் தாழ்ந்திருக்கும். மழை அரித்த ஓரத்தில் தார் விளிம்பும் உடைந்திருக்கும். ஆகவே தரை எந்தப் பக்கம் மேலும் தாழ்ந்திருக்கிறதோ அந்தப் பக்கத்துக் காலைத்தான் ஊன்ற வேண்டியிருக்கிறது. சமதளமான ஷோரூம் தரையில் நுனிவிரல் எட்டிய வண்டி இங்கே எட்டாமல் போகிறது.

எண்களைப் பார்க்கலாம். பல நாடுகளின் உயரத் தரவுகளைத் தொகுத்து 2016இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்று, 1996இல் பிறந்த இந்திய ஆண்களின் சராசரி உயரம் ஏறத்தாழ 165 செ.மீ. என்றும் பெண்களின் சராசரி உயரம் ஏறத்தாழ 152 செ.மீ. என்றும் மதிப்பிட்டது. மனித உடலில் தொடையிடுக்கிலிருந்து பாதம் வரையுள்ள நீளம் மொத்த உயரத்தில் சற்றேறக்குறைய 45 விழுக்காடு. அப்படியானால் சராசரி இந்தியப் பெண்ணின் உள்கால் நீளம் 68 அல்லது 69 செ.மீ.; ஆணுடையது 74 அல்லது 75 செ.மீ. இனி வண்டிகள். ஊர்தோறும் ஓடும் ஹீரோ ஸ்ப்ளெண்டர் பிளஸின் இருக்கை உயரம் 785 மி.மீ. ராயல் என்ஃபீல்டு ஹண்டர் 350க்கு 790. அதே நிறுவனத்தின் கிளாசிக் 350க்கு 805. மலைப்பாதைப் பயணத்துக்கென வந்த ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி வண்டிக்கு 825. கே.டி.எம். 390 அட்வெஞ்சர் 2020இல் இந்தியாவுக்கு வந்தபோது 855.

ஓட்டுபவர் அமர்ந்ததும் சஸ்பென்ஷன் இரண்டு மூன்று செ.மீ. தாழும்; காலணி இரண்டு செ.மீ. கூட்டித் தரும். இவற்றைக் கழித்துப் பார்த்தாலும் ஸ்ப்ளெண்டரில் அமர்ந்த சராசரிப் பெண்ணின் குதிகால் தரையிலிருந்து ஐந்து செ.மீ. அளவில் உயர்ந்தே நிற்கும். கிளாசிக்கில் அந்த இடைவெளி ஏழு செ.மீ.யைத் தொடும். சராசரி ஆணுக்கும் கிளாசிக்கில் இரு பாதங்களும் முழுதாய்ப் படிவது அரிது. சராசரி என்பதன் பொருளை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும்: ஏறக்குறையப் பாதிப் பேர் அதற்கும் கீழே இருக்கிறார்கள். ஆகவே இது ஒரு சிறு கூட்டத்தின் தனிப்பட்ட இக்கட்டு என்று எவரும் தள்ளிவிட முடியாது.

விவரத் தாளில் அச்சாகும் இந்த ஒற்றை எண் உண்மையில் பாதியைத்தான் சொல்கிறது. இருக்கை அகலமாக இருந்தால் தொடைகள் விரிந்து கால் சுற்றி இறங்க வேண்டும். உயரம் குறைவாகவே இருந்தாலும் பாதம் எட்டாது. முன்பகுதி ஒடுங்கிய இருக்கை சற்று உயரமாக இருந்தும் கால் நேராக இறங்கிவிடும். எடை மற்றொன்று. ஸ்ப்ளெண்டர் 112 கிலோ. கிளாசிக் 195 கிலோ. நேராக நிற்கும் வண்டியின் பாரத்தைச் சக்கரங்களே தாங்கிக்கொள்கின்றன. வண்டி சாயத் தொடங்கியதும் அந்தப் பாரம் காலுக்கும் கைக்கும் வருகிறது. சாய்வு இரட்டிப்பானால் தாங்க வேண்டிய சுமையும் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. கால் நீண்டவர் வண்டியைச் சாய்க்காமலே ஊன்றுகிறார். கால் குறுகியவர் எட்டுவதற்காகவே சாய்க்க வேண்டியிருக்கிறது. சாய்த்ததும் அதிகச் சுமையை, அதுவும் நுனிவிரலால், தாங்க வேண்டியிருக்கிறது. இதை வலிமைக் குறைவு என்றோ துணிவின்மை என்றோ பெயரிடுவது இயற்பியலை அறியாதவர் பேச்சு.

கேரளத்து உரிமத் தேர்வுத் திடல்கள் பல ஆண்டுகளாக இந்தச் சிக்கலுக்கு அறிவிக்கப்படாத ஒரு விடையை வைத்திருந்தன. அதன் பெயர் எம்80. பஜாஜ் நிறுவனம் 1980களில் கொண்டுவந்த அந்தச் சிறு வண்டியின் கியர் இடது கைப்பிடியில் இருந்தது. இருக்கைக்கும் கைப்பிடிக்கும் நடுவே பெட்ரோல் தொட்டி எழுந்து நிற்காததால் சேலை அணிந்தவரும் காலைத் தூக்கிப் போடாமல் ஏற முடிந்தது. எடை குறைவு, சக்கரம் சிறியது. சட்டத்தின் கண்ணில் அது கியர் உள்ள மோட்டார் சைக்கிள். எனவே எம்80இல் எட்டுப் போட்டவருக்குக் கியர் உள்ள வண்டிக்கான உரிமமே கிடைத்தது. மீன் விற்பவர்களும் சிறு வியாபாரிகளும் சாலையில் அதைக் கைவிட்ட பிறகும், ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகளின் முற்றத்தில் அது உயிரோடு இருந்ததற்குக் காரணம் இதுவே.

2024 பிப்ரவரியில் கேரள மோட்டார் வாகனத் துறை தேர்வு முறையை மாற்றிச் சுற்றறிக்கை வெளியிட்டது. கைப்பிடியில் கியர் மாற்றும் வண்டிகள் இனிக் கூடாது. காலால் கியர் மாற்றும், 95 சி.சி.க்குக் குறையாத மோட்டார் சைக்கிளில்தான் தேர்வு நடக்க வேண்டும் என்றது. பயிற்சிப் பள்ளிகள் அந்த மே மாதத்தில் போராடின, வழக்குகளும் எழுந்தன. ஆகஸ்டிலிருந்து எம்80 திடலை விட்டு விலகியது. வழக்குகளின் போக்கு எதுவாயினும், துறை சொன்ன காரணத்தில் நியாயம் உண்டு. எவரும் சாலையில் ஓட்டாத ஒரு வண்டியில் தேர்ச்சி பெற்று, முற்றிலும் வேறான வண்டியைச் சாலையில் ஓட்டுவது பாதுகாப்பன்று. ஆனால் எம்80ஐ அகற்றியவர்கள், அது எந்த உடல்களுக்கு இடம் கொடுத்துக்கொண்டிருந்தது என்று கேட்டதற்கான தடயம் அந்த மாற்றத்தில் இல்லை. அதே சுற்றறிக்கை கார் ஓட்டுபவருக்கு ஏற்றத்தில் வண்டியைக் கையாளும் தேர்வைப் பற்றிப் பேசியது. மோட்டார் சைக்கிளுக்குத்தான் ஏற்றத்தில் நின்று கிளம்புவது மேலும் கடினம். அங்கே தேர்வின் நடுப்புள்ளியாகக் கால் தரையில் படாத எட்டே தொடர்ந்தது.

இவ்விடத்தில் வழக்கமான மறுப்பு ஒன்று எழும்: உயரம் குறைந்தவர் ஸ்கூட்டர் ஓட்டலாமே, எதற்கு மோட்டார் சைக்கிள்? பலருக்கு அது சரியான தீர்வுதான் என்பதில் ஐயமில்லை. ஆனால் குன்னத்துகால், வெள்ளறடைப் பகுதிகளின் ரப்பர்த் தோட்டங்களுக்கு விடியுமுன் பால் வெட்டச் செல்பவரின் பாதை தார் முடிந்த இடத்தில் தொடங்குகிறது. வேரும் கல்லும் மழைச் சேறும் உள்ள தடத்தில் சிறிய சக்கரம் குழியில் இறங்கிவிடும். பெரிய சக்கரம் ஏறிக் கடந்துவிடும். ஒரே காலையில் இரண்டு மூன்று தோட்டங்களுக்கு ஓட வேண்டியவருக்கு எரிபொருள் கணக்கும் உண்டு. நூறு சி.சி. மோட்டார் சைக்கிள் சிக்கனத்தாலும் உறுதியாலும் உழைப்பாளிகளின் வண்டியாயிற்று. அந்த உழைப்பாளிகளில் 155 செ.மீ. உயரமுள்ள ஆண்களும் இருக்கிறார்கள். அவர்களை நோக்கி ஸ்கூட்டர் வாங்கு என்பது, சேற்றில் இறங்குபவரிடம் செருப்பை மாற்று என்பதைப் போன்றது.

பெண்களைப் பொறுத்தவரை இந்த மறுப்புக்குள் மற்றொரு முன்முடிவும் ஒளிந்திருக்கிறது. எல்லைக்கு இப்பால் தமிழக அரசு 2018 பிப்ரவரியில் தொடங்கிய அம்மா இருசக்கர வாகனத் திட்டம் பணிபுரியும் மகளிருக்கு வண்டி விலையில் பாதி, அதிகபட்சம் 25,000 ரூபாய், மானியமாக அளித்தது. நல்ல திட்டம், பல பெண்களின் பயணத்தை எளிதாக்கியது. ஆயினும் அதன் வரம்பு 125 சி.சி.க்கு மேற்படாத, கியர் இல்லாத அல்லது தானியங்கிக் கியர் வண்டி என்பதாகவே இருந்தது. பெண் என்றால் கியர் இல்லா வண்டி என்ற சமன்பாடு சந்தையில் மட்டும் அன்றி அரசாணையிலும் எழுதப்பட்டது. காரக்கோணம் மருத்துவக் கல்லூரியில் இரவுப் பணி முடித்து மலையோரக் கிராமத்துக்குத் திரும்பும் செவிலியர் எந்த வண்டியில் திரும்புவது என்பதை அவரது பாதையும் தேவையும் விருப்பமும் தீர்மானிக்க வேண்டும். இருக்கை உயரம் அவருக்கு முன்பாகவே தீர்மானித்துவிடுகிறது.

கால் எட்டாதவர்கள் சும்மா இருந்துவிடவில்லை. தீர்வைத் தாமே தேடிக்கொள்கிறார்கள். சீட் கவர் தைக்கும் கடையில் கொடுத்து இருக்கையின் பஞ்சை இரண்டு செ.மீ. அறுக்கச் சொல்கிறார்கள், முன்பகுதியின் இரு ஓரங்களையும் சீவி ஒடுக்கச் சொல்கிறார்கள். பின்பக்க ஷாக் அப்சார்பரை மிக மென்மையான நிலைக்குத் திருப்புகிறார்கள். தடித்த அடியுள்ள காலணி அணிகிறார்கள். இவற்றுள் பஞ்சு அறுப்பதே ஒப்பீட்டளவில் தீங்கற்றது. அதிலும் அளவு மீறினால் அடித்தகடு தொடையில் உறுத்தும், நீண்ட பயணத்தில் இடுப்பு நோகும். சிலர் அதற்கும் மேலே போய்ச் சஸ்பென்ஷன் இணைப்புகளை மாற்றி வண்டியையே தாழ்த்துகிறார்கள். அப்போது வேகத்தடையில் வண்டியின் அடிப்பகுதி உரசுகிறது. சைடு ஸ்டாண்டு பழைய நீளத்திலேயே இருப்பதால் நிறுத்திய வண்டி போதிய அளவு சாயாமல் எதிர்ப்பக்கம் விழப் பார்க்கிறது. வளைவில் வண்டி நடந்துகொள்ளும் முறையும் மாறுகிறது.

சட்டமும் அந்த வழியில் குறுக்கே நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் வகுத்ததற்கு மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில், உற்பத்தியாளரின் மூல அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்த இடமில்லை என வலியுறுத்தியது. பாதுகாப்பு நோக்கில் அந்த நிலைப்பாடு ஏற்கத்தக்கதே. ஊர்ப் பட்டறையில் சஸ்பென்ஷனை வெட்டி ஒட்டுவதை எந்தச் சமூகமும் ஊக்குவிக்கக்கூடாது. ஆனால் அதன் தருக்கத்தை இறுதிவரை கொண்டுசெல்ல வேண்டும். வண்டியின் அமைப்பை முடிவு செய்யும் உரிமை உற்பத்தியாளர் ஒருவருக்கே உரியது என்றால், அந்த அமைப்பு நாட்டு மக்களின் உடலுக்குப் பொருந்தச் செய்யும் கடமையும் அவருக்கே உரியது. உரிமையை மட்டும் அவரிடம் வைத்துக் கடமையைச் சீட் கவர் கடைக்காரரிடம் ஒப்படைப்பது நீதியன்று.

மனித அளவியலில் பழமையான ஒரு நெறி உண்டு. எட்ட வேண்டியவற்றைச் சிறிய உடலுக்குப் பொருத்து. இடம் விட வேண்டியவற்றைப் பெரிய உடலுக்குப் பொருத்து என்பது அது. கதவின் உயரம் நெடியவருக்காக. அலமாரித் தட்டின் உயரம் குட்டையானவருக்காக. மோட்டார் சைக்கிள் இருக்கையின் உயரம் இவற்றுள் முதல் வகையைச் சேர்ந்தது. பாதம் தரையை எட்ட வேண்டும். இந்திய உடல்களின் அளவுகள் கிடைக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. தேபகுமார் சக்ரவர்த்தி தொகுத்த இந்திய மனித அளவுகளின் கையேட்டை அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1997இலேயே வெளியிட்டது. ஆண், பெண் இருபாலரின் கால் நீளமும் அமர்வு உயரமும் வடிவமைப்பவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன.

உற்பத்தியாளர் தரப்பின் வாதத்தையும் கேட்க வேண்டும். இருக்கையைத் தாழ்த்தினால் தரைக்கும் என்ஜினுக்கும் இடையேயான இடைவெளியோ சஸ்பென்ஷன் அசையும் தூரமோ குறையும். குண்டும் குழியுமான இந்தியச் சாலையில் இரண்டும் வேண்டும். நெடியவருக்கு முழங்கால் மடங்கி வலிக்கும் என்பார்கள். உண்மைதான். அதனால்தான் கேட்கப்படுவது எல்லா வண்டிகளையும் தாழ்த்துவது அன்று. ஒரே வண்டிக்கு இரண்டு இருக்கைகளைத் தருவது. அது இயலும் என்பதற்குச் சான்று சென்னையிலேயே இருக்கிறது. ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450இன் இருக்கையை 825, 845 என்ற இரு நிலைகளில் பொருத்தலாம். தாழ்ந்த இருக்கையைத் தனியே வாங்கினால் 805. அதே நிறுவனத்தின் மீட்டியர் 350க்கு 765 மட்டுமே. பஜாஜ் அவெஞ்சர் 220 வண்டியில் 737 வரை இறங்க முடிந்தது. ஆனால் மீட்டியரும் அவெஞ்சரும் சாய்ந்தமர்ந்து நெடுந்தூரம் போவதற்கான நீண்ட வண்டிகள். மீட்டியரின் எடை 191 கிலோ. தாழ்ந்த இருக்கை வேண்டுமானால் கனத்த, விலை கூடிய வண்டியை வாங்கு என்பதே இன்றைய சந்தை சொல்லும் செய்தி. மிக அதிகம் பேர் வாங்கும் 100, 125 சி.சி. வண்டிகளில், மிக அதிகத் தேவை உள்ள இடத்தில், அந்தத் தெரிவு கண்ணில் படுவதில்லை.

ஜப்பானில் இந்த விஷயம் வேறு விதமாக அணுகப்படுகிறது. அங்கே மோட்டார் சைக்கிள் மதிப்புரைகளில் வேகம், எரிபொருள் சிக்கனம் போலவே கால் தரையில் படியும் விதத்துக்கும் தனி இடம் உண்டு. அதற்கு அவர்கள் மொழியில் அஷித்சுகி என்று வழக்குச் சொல்லே இருக்கிறது. ஓட்டுபவரின் உயரத்தைக் குறிப்பிட்டு, அவர் அமர்ந்த நிலையில் குதிகால் எவ்வளவு உயர்கிறது என்று படத்தோடு காட்டுவார்கள். 1958இல் ஹோண்டா வெளியிட்ட சூப்பர் கப், நடுவில் தாழ்ந்த சட்டகமும் கிளட்ச் பிடி இல்லாத கியரும் கொண்டு, யாரும் எளிதில் ஏறி ஓட்டுமாறு அமைந்தது. 2017இல் அதன் மொத்த உற்பத்தி பத்துக் கோடியைக் கடந்தது. சிறிய உடலை மனத்தில் வைத்து வடிவமைப்பது வணிகத்துக்கு நட்டம் என்போர் இந்த எண்ணைக் கவனிக்க வேண்டும்.

இந்தியச் சட்டம் உடலைப் பற்றி எண்ணியதே இல்லை என்பதும் சரியாகாது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இன் 123ஆம் விதி, ஒவ்வொரு மோட்டார் சைக்கிளிலும் பின்னால் அமர்பவருக்குக் கைப்பிடியும் கால் வைக்கும் இடமும் வேண்டும் என்கிறது. அவரது உடை சக்கரத்தில் சிக்காதபடி பின்சக்கரத்தின் பாதியையாவது மறைக்கும் காப்பும் வேண்டும் என்கிறது. சேலை கார்டு என்று ஊரில் வழங்கும் அந்தக் கம்பி பல உயிர்களைக் காத்திருக்கும். ஆயினும் அந்த விதியின் கற்பனையில் பெண் எங்கே அமர்ந்திருக்கிறாள் என்பது கவனத்துக்குரியது. பின்னிருக்கையில் அமர்ந்தவளின் முந்தானை வரை எண்ணிப் பார்த்த சட்டம், முன்னிருக்கையில் அமர்ந்தவளின் பாதத்தை எண்ணிப் பார்க்கவில்லை.

தனிமனிதக் குறையாகக் கருதப்பட்டதைப் பொதுக் காரியமாக மாற்றிய முன்மாதிரி தமிழகத்தில் உண்டு. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்து அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு மிதிவண்டியையும் சேர்த்துக் கற்பித்தது. மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் இயக்கத்தில் பணியாற்றிய பெண்கள் மிதிவண்டி வாங்கக் கடன் கிடைக்க வழி செய்தார். பெண்களுக்கான மிதிவண்டிகள் போதாமல் போனபோது, குறுக்குக் கம்பி வைத்த ஆண்கள் மிதிவண்டியிலேயே அவர்கள் ஏறினார்கள். அந்தக் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. அந்த நிகழ்விலிருந்து இரண்டு பாடங்கள் கிடைக்கின்றன. பெண்ணுக்கான வண்டி என்று சந்தை வகுக்கும் பிரிவைப் பெண்களின் தேவை எப்போதும் மதிப்பதில்லை. அடுத்து, பயிற்சியையும் கடனையும் அரசு தன் பொறுப்பாக ஏற்றதால்தான் தனித்தனிப் பெண்களின் கூச்சம் ஓர் இயக்கமாக மாறியது.

மோட்டார் சைக்கிளுக்கும் அத்தகைய சில பொதுக் கடமைகளை வகுக்கலாம். எதுவும் பெருஞ்செலவு கோருவதன்று. ஒவ்வொரு விவரத் தாளிலும் இருக்கை உயரத்தோடு, 150, 160, 170 செ.மீ. உயரமுள்ளவர் அமர்ந்தால் குதிகால் எவ்வளவு உயரும் என்ற அளவையும் அச்சிடச் செய்யலாம். நூறு சி.சி. வண்டிக்கும் நிறுவனமே தயாரித்துச் சோதித்த தாழ்ந்த, முன்பகுதி ஒடுங்கிய இருக்கையைத் தெரிவாகத் தரச் செய்யலாம். அது உற்பத்தியாளரின் அமைப்பாகவே இருப்பதால் 52ஆம் பிரிவோடு மோதலும் எழாது. தேர்வுத் திடலில் காலால் கியர் மாற்றும் வண்டியையே வைத்துக்கொண்டு, தாழ்ந்த இருக்கையுள்ள ஒன்றையும் கட்டாயமாக்கலாம். எட்டோடு, ஏற்றத்தில் நின்று ஒரு காலூன்றிக் கிளம்புவதையும் கற்பித்துச் சோதிக்கலாம். பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் அதற்கு மேடு தேடி அலைய வேண்டியதில்லை.

அந்த நாள் வரும் வரை வண்டி தேடுபவர் ஷோரூமின் பளிங்குத் தரையில் எடுக்கும் முடிவை நம்பக்கூடாது. அன்றாடம் அணியும் காலணியோடு செல்ல வேண்டும். இருக்கையின் உயரத்தை மட்டும் கேளாமல் அதன் முன்பகுதியின் அகலத்தைப் பார்க்க வேண்டும். இரு பாதங்களும் முழுதாய்ப் படிய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இடது பாதத்தின் முன்பாதி உறுதியாக ஊன்றி, வலது கால் பிரேக்கிலேயே இருக்க முடிந்தால் போதும். இடுப்பைச் சற்றே இடப்பக்கம் நகர்த்தி அமர்ந்தால் அதற்குரிய நீளம் கிடைக்கும். வண்டியை வெளியே எடுத்துச் சென்று ஓர் ஏற்றத்தில், சாலையின் இடது ஓரத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும். என்ஜினை அணைத்துவிட்டு இறங்கித் தள்ளியும் பார்க்க வேண்டும். இந்தச் சோதனையை மறுக்கும் விற்பனையாளரிடம் வண்டி வாங்காமல் திரும்பிவிடுவது நலம்.

இவை இக்கட்டில் உள்ளவருக்கான உபாயங்கள். உபாயம் கற்றுக்கொண்டவர் சமாளித்துக்கொள்கிறார் என்பதால் வடிவமைப்பின் பிழை தீர்ந்துவிடாது. இயந்திரத்துக்கும் உடலுக்கும் இடையே ஐந்து செ.மீ. இடைவெளி இருக்கும்போது, அவற்றுள் மாற்றக்கூடியது எது என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. நாட்டு மக்களில் பெரும் பகுதியினரின் பாதம் எட்டாத ஒரு வண்டியைக் குறித்து, குள்ளமானவர்களுக்கு ஏற்ற வண்டி எது என்று கேட்பதை நிறுத்த வேண்டும். வண்டி யாருடைய அளவுக்குச் செய்யப்பட்டது என்று கேட்கத் தொடங்க வேண்டும். அந்தக் கேள்வி ஒருமுறை சரியாகக் கேட்கப்பட்டுவிட்டால், பாறசாலையின் ஏதோ ஓர் ஏற்றத்தில் ஜீப்புக்கு வழிவிட்டு நிற்கும் ஒருவர், தம் காலைக் குறைசொல்லாமல் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போவார்.